ஐரிஷ் இசையில் யார் பெரியவர்

ஜெர்சி சிட்டியில் நான் வேலை பார்த்த வங்கியின் கேண்டீனில் மதியம் தவறாமல் ஒரு சண்டை நடக்கும். கிரீன் கார்டைப் பற்றி இல்லை, மேனேஜரைப் பற்றியும் இல்லை. ஐரிஷ் இசையில் யார் பெரியவர் என்று. சண்டை போடுகிற இருவரில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்று பயந்துபோய், பழைய புரோகிராம்களைத் திருத்த எங்களைப் போன்றவர்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கோயம்புத்தூர்க்காரரும் ஒரே டீம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை 'அம்மிணி' என்பார். நான் மதுரைக்காரி, 'அண்ணே' என்பேன். சங்கீதப் பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியம் இல்லை. பாட வராது, எதையும் வாசிக்க வராது. கேட்கத் தெரியும், அதைவிட நன்றாகச் சண்டை போடத் தெரியும். ஊரில் இருந்தபோது எந்த வித்வானையும் விட்டுவைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இன்னொருவர் அயர்லாந்துக்காரர். கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளர், ஐம்பதை ஒட்டிய வயது, மேற்குக் கரையில் ஏதோ மீன்பிடி ஊரில் பிறந்து இளைஞனாக இங்கே வந்து சேர்ந்தவர். ஒருநாள் அண்ணன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து, என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்தார். நாதஸ்வரம். கேசட்டை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் பதிலுக்கு ஒரு கேசட் கொண்டுவந்தார். காற்றுப்பையைக் கக்கத்தில் வைத்து முழங்கையால் அமுக்கி வாசிக்கிற அவர்கள் ஊர்க் குழலிசை. அன்று சாயங்காலம் ரயில் ஏறும்போது அண்ணன் என் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்.

"அம்மிணி, இது நம்ம நாதஸ்வரத்துக்குப் பெரியப்பா பையனுங்க! ஒத்து ஊத தனி ஆளே வேண்டாமுங்க. குழலுக்குள்ளயே ஒத்து வச்சிருக்கானுங்க!"

பிடித்தது சனி. அதற்கப்புறம் மன்ஹாட்டனில் பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்றையும் அவர் விடவில்லை. வாங்கிக் கேட்டுவிட்டு வந்து, மதியம் ஐரிஷ்காரருக்கு முன்னால் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டு ஆரம்பிப்பார். ஊர் ஊராகக் கூண்டுவண்டியில் திரிந்த ஒரு குழல்காரர்தான் எல்லோரிலும் பெரியவர் என்பது அண்ணன் கட்சி. நியூயார்க்குக்குக் குடியேறி, அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் வாசித்த ஒரு ஃபிடில்காரர்தான் பெரியவர் என்பது ஐரிஷ்காரர் கட்சி. அதே ஃபிடில்காரரால்தான் ஐரிஷ் இசை கெட்டது என்று அண்ணன் ஒரே போடாகப் போட்டார். இசைத்தட்டு போகாத ஊரில்லை, எல்லோரும் அவரைப் பார்த்தே வாசிக்க ஆரம்பித்து, ஊருக்கு ஒன்றாக இருந்த பாணியெல்லாம் ஒன்றாகிவிட்டதாம். பக்கத்து மேஜை அமெரிக்கர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து லெமன் சாதத்தைச் சாப்பிட்டு முடிப்பேன். ஆண்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில்தான் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. ஐரிஷ் இசையின் இன்றைய நிலைமை படுமோசம். கடைகளில் அட்டையில் பனிமூட்டமும் பாழடைந்த கோட்டையும் போட்ட சிடிக்கள் குவிந்திருந்தன. உள்ளே கீபோர்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் 'ஆ' என்று இழுப்பாள். மேடையில் வரிசையாக நின்று குதிக்கும் நடனத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மார்ச் மாதம் வந்தால் பச்சைத் தொப்பி, பச்சை பீர். "எங்கள் இசைக்கு இப்போது குடிக்க ஆள் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை" என்றார் ஐரிஷ்காரர். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அன்றுதான் அவர் தன் இடது கையை மேஜைமேல் வைத்துக் காட்டினார். மோதிர விரல் சற்றுக் கோணியிருந்தது. காரின் கதவில் நசுங்கி, எலும்பு கூடியபோது கோணலாகக் கூடிவிட்டதாம். அதற்கு முன்புவரை அவரும் ஃபிடில் வாசித்தவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்தில் ஒரு மதுக்கடையில் ஞாயிறு மத்தியானம் அவருடைய கூட்டாளிகள் கூடி வாசிப்பார்கள். விரல் போனபின் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சில மாதங்களாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பழகிக்கொண்டிருந்தார். பழைய மாதிரி வருகிறதா, வரவில்லையா? அவர் காதுக்கே தெரியவில்லை.

"என் கூட்டாளிகளிடம் கேட்டால் பாவம் பார்த்துப் பொய் சொல்வார்கள். நீங்கள் இரண்டு பேரும் சொல்ல மாட்டீர்கள்" என்றார். அண்ணனைப் பார்த்து, "முக்கியமாக இவர் சொல்ல மாட்டார். நான் கும்பிடுகிற ஆளையே கிழித்துத் தொங்கவிட்டவர் இவர். எனக்காக ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். தேறும் என்றால் மறுபடி அவர்களோடு போய் உட்காருவேன். தேறாது என்றால் இதோடு விட்டுவிடுகிறேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஜர்னல் ஸ்கொயர் அபார்ட்மென்ட்டுக்கு ஃபிடில் பெட்டியோடு வந்தார். டை கட்டியிருந்தார். நான் மெதுவடை சுட்டு, டிகாக்ஷன் இறக்கி வைத்திருந்தேன். கைக்குழந்தையாக இருந்த என் மகளைத் தூக்கிக்கொண்டு என் கணவர் வெளியே போய்விட்டார். அண்ணன் சோபாவில் உட்காரவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் எடுத்தது தாளக்கட்டு இல்லாத ஒரு மெதுவான மெட்டு. அவர்கள் பாஷையில் யாரோ பாடிய சோகப் பாட்டு, அதில் சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வில்லில் இழுப்பார்களாம். நம் ஆலாபனையை நினைத்துக்கொண்டால் போதும் என்று அண்ணன் எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். எனக்குச் சங்கீத ஞானம் கம்மிதான். ஆனாலும் முதல் இழுப்பிலேயே எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. கோணல் விரல் ஒவ்வொரு ஸ்வரத்தின்மேலும் நேராகப் போய் உட்காராமல் கொஞ்சம் கீழேயிருந்து வழுக்கி ஏறியது. ஏறுகிற அந்த ஒரு நொடியில் ஏதோ ஒன்று நெஞ்சை அறுத்தது. விரல் நேராக இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினார். உச்சுக்கொட்டினார். மெட்டு மேலே போகப் போக, "ச்சு... ச்சு... ச்சு..." கையை உயர்த்தி, தாங்க முடியாதவர்போல் தொடையில் பொத்தென்று போட்டார். நானும் தலையாட்டினேன், நானும் உச்சுக்கொட்டினேன். வேறெப்படிக் கேட்பது? நல்ல சங்கீதத்தைத் தலையாட்டாமல் கேட்டால் வாசிக்கிறவருக்கு மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

பாதியில் வில் நின்றுவிட்டது.

அண்ணன் கண்ணைத் திறந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். ஐரிஷ்காரர் ஃபிடிலை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, "சரி, சொல்லுங்கள்" என்றார்.

பெரிய வாசிப்பைக் கேட்டுவிட்டு 'நல்லா இருந்தது' என்பதெல்லாம் அண்ணன் அகராதியில் அவமரியாதை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தமிழில் மனசில் வந்ததை அப்படியே இங்கிலீஷில் இறக்கினார்.

"நத்திங் டு சே. நத்திங் அட் ஆல்."

சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வித்வானுக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

ஐரிஷ்காரர் மெதுவாகத் தலையசைத்தார். ஒளிவுமறைவில்லாமல் சொன்னதற்கு நன்றி என்றார். இதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றார். மீதியையும் வாசியுங்கள் என்று அண்ணன் கெஞ்சினார். வேண்டாம், நீங்கள் மரியாதைக்குச் சொல்கிறீர்கள் என்று சிரித்தபடியே பெட்டியை மூடிவிட்டார். இரண்டு வடை சாப்பிட்டார். காப்பி பிரமாதம் என்றார். வாசலில் எங்கள் இருவர் கையையும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். "எத்தனை தன்னடக்கம் பாத்தீங்களா அம்மிணி" என்று அண்ணன் உருகினார். நானும் கூடச் சேர்ந்து உருகினேன்.

அதன்பின் அவர் மதியம் கேண்டீனுக்கு வருவது குறைந்தது. பிறகு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார். ஒருநாள் லிஃப்ட்டில் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப் போகிறீர்கள்தானே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இப்போதெல்லாம் தோட்ட வேலைதான் என்றார். மாடி வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். அண்ணனிடம் சொன்னதற்கு அவர் கொதித்துப்போனார். "கேக்கறதுக்கு ஆள் இல்லேன்னு வெறுத்துட்டாருங்க. இத்தனை பெரிய கலைஞனையே வீட்டுல உக்கார வச்சுட்டாங்க. இதுதானுங்க ஐரிஷ் மியூசிக்கோட நிலைமை!" என்றார். நான் ஆமாம் போட்டேன். அதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

கான்ட்ராக்ட் முடிந்து நாங்கள் கலைந்தோம். அண்ணன் டெக்சாஸில் காப்பெல் பக்கம் வீடு வாங்கினார். நாங்கள் சான் ஹோசேக்கு வந்தோம். போனில் பேசும்போதெல்லாம் அண்ணன் ஒருமுறையாவது அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் வைக்கமாட்டார். குழல்காரர் கட்சியையே விட்டுவிட்டார். அவர் கேட்ட ஐரிஷ்காரர்களில் பெரியவர் யார் என்றால், ஜெர்சி சிட்டியில் பாதி மெட்டு வாசித்த அந்தக் கம்ப்யூட்டர் அறைக்காரர்தான். காப்பெலில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர்கள் எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டியவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்தொன்றின் தொடக்கத்தில் என் மகள் முதல் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சிநேகிதி, ஒரு அமெரிக்கப் பெண், எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தவள் புதிதாகக் கற்ற ஒன்றைத் தன் சின்ன வயலினில் வாசித்துக் காட்டினாள். வயசுக்கு நன்றாகவே வாசித்தாள். நான் சமையலறை வாசலில் நின்று தலையை ஆட்டி உச்சுக்கொட்டினேன். குழந்தை வில்லை நிறுத்தினாள். அவள் உதடு நடுங்கியது.

"அம்மா, ஸ்டாப் இட்!" என்று என் மகள் கத்தினாள். "வொய் ஆர் யூ டெல்லிங் ஹெர் இட்ஸ் பேட்?"

"நல்லாருக்குன்னுதான்டி சொல்றேன்."

"நோ! யூ வென்ட் லைக் திஸ்!" என்று அவள் முகத்தைச் சுளித்துத் தலையை இடவலமாக ஆட்டி, "ச்சு, ச்சு, ச்சு" என்று செய்து காட்டினாள்.

அடுப்பில் என்ன இருந்தது என்பது மறந்துபோய்விட்டது. அந்தக் குழந்தையைக் கட்டிப்பிடித்து, ரொம்ப நன்றாக வாசித்தாய், ரொம்ப நன்றாக வாசித்தாய் என்று திரும்பத் திரும்ப இங்கிலீஷில் சொன்னேன். அவள் நம்பினாள். குழந்தைகள் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள்.

அன்றைக்கே காப்பெலுக்குப் போன் போட்டேன். குழந்தை வில்லை நிறுத்தியதையும், அன்று ஐரிஷ்காரர் நிறுத்தியதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அதுக்கு மேல நான் 'நத்திங் டு சே'ன்னு வேற சொன்னேனுங்களா அம்மிணி?"

"ஆமாண்ணே."

"நம்பர் இருக்குதுங்க. இப்பவே பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். ஐரிஷ்காரர் அவரை மறக்கவில்லை, சந்தோஷமாகப் பேசினாராம். ஃபிடிலைத் தம்பி மகளுக்குக் கொடுத்து வெகுநாள் ஆகிவிட்டதாம். அண்ணன் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். நாங்கள் தலையாட்டியது எதற்கு, உச்சுக்கொட்டியது எதற்கு, சொல்ல ஒன்றுமில்லை என்றால் என்ன, எல்லாம். போனிலேயே ஆட்டிக்கூடக் காட்டினாராம், எதிர்முனையில் தெரியாது என்பதை மறந்து. ஐரிஷ்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம்.

"என்னண்ணே சொன்னார்?"

"நம்பலைங்க அம்மிணி. 'அன்னைக்கு எனக்கு நிஜத்தைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். இப்ப பாவம் பார்த்து அதைக் கெடுத்துடாதீங்க'ன்னு சொல்லிட்டாருங்க."