கால்தான் முறிந்தது என்றார்கள்

நான் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. பால் போத்தலில் திகதி சரியாக இருந்தாலும் மணந்து பார்த்துத்தான் தேத்தண்ணீரில் ஊற்றுவேன். அப்படிப்பட்டவளின் வீட்டுக் கதவை, ஓர் ஏப்ரல் ஞாயிறு மத்தியானம், தம்பியின் மனைவி, என் மச்சாள், இடியப்பமும் சொதியுமாக வந்து தட்டினாள். லண்டனின் சட்டன் பகுதியிலிருந்து நான் இருக்கிற நோர்பரிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவள் இல்லை அவள்.

தம்பி அந்த வாரம் சுவிஸில் இருந்தான். லண்டனுக்கு வருமுன் அங்கே ஒரு மலையூர் ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு சமையற்காரனாக உயர்ந்தவன். கூட வேலை செய்த இருவர் அவனுக்குப் பனிச்சறுக்குப் பழக்கிவிட்டார்கள். இப்போது லண்டனில் வயரிங் வேலை செய்கிறான் என்றாலும் வசந்தம் பிறந்தால் கால் நிற்காது. அதுவும் சனம் கூடுகிற சரிவுகளுக்குப் போனால் பரவாயில்லை. ஆள் அரவமில்லாத மலையில், இவனும் அந்த இருவரும் சறுக்குக் கட்டைகளோடு தாங்களே ஏறி, தாங்களே இறங்குவார்கள்.

"வசந்தத்திலைதான் அக்கா வடிவு," என்று ஒருமுறை எனக்கு விளங்கப்படுத்தினான். "இரவுக் குளிரிலை பனி இறுகிக் கல்லு மாதிரிக் கிடக்கும். விடியமுந்தி ஏறி, வெயில் சுடமுந்தி இறங்கிட்டா ஒரு பிரச்சினையுமில்லை."

"இறங்காட்டி?"

"பனி இளகித் தண்ணி ஊறிப் பாரமாகும். பிறகு முழுச் சரிவும் வழுகி வரும். அதுக்குத்தானே இதெல்லாம் வைச்சிருக்கிறம்."

இதெல்லாம் என்றால் பனியை வாருகிற ஒரு சிறிய சவள், மடித்து வைக்கிற நீளக் கம்பி, நெஞ்சில் கட்டுகிற ஒரு கருவி. ஒருவன் புதைந்தால் மற்றவர்கள் அவனுடைய கருவி அனுப்பும் சமிக்ஞையைத் தேடிப் போய், கம்பியால் குத்திப் பார்த்து, மூச்சு நிற்குமுன் தோண்டி எடுக்க வேண்டும். ஆளையாள் தோண்டி எடுக்கச் சவள் சுமந்துகொண்டு உல்லாசம் போகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்றிலிருந்து எனக்கு வெயில் மீதும் சந்தேகம். லண்டனில் முதல் வெயிலுக்கு ஊரே பூங்காவில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிடக்கும். நான் போனில் அந்த மலையின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சனி இரவு அங்கே மேகம் மூடியிருந்தது, குளிரவேயில்லை. பனி இறுகியிருக்காது என்று எனக்கே விளங்கியது. போகாதே என்று எழுதினேன். சும்மா இருங்கோ அக்கா என்று பதில் வந்தது.

மச்சாள் வந்ததும் முதலில் சட்டியை இறக்கி வைத்தாள். முகம் வீங்கியிருந்தது. தோட்டத்தில் யாருடனோ போனில் குசுகுசுத்துவிட்டு உள்ளே வந்த என் கணவர், "முதல் சாப்பிடுவம்," என்றார். வீட்டில் என்ன கறி என்று கூடக் கேட்காத மனிதர்.

"என்ன நடந்தது?"

"நீர் பதறாதையும். தம்பி பனிக்குள்ளை விழுந்து கால் முறிஞ்சு போச்சாம். வேறை ஒண்டுமில்லை," என்றார் கணவர்.

அந்த வேறை ஒண்டுமில்லைதான் என்னைக் கொன்றது. எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியை ஒருநாளும் முழுசாகச் சொல்வதில்லை. அப்பா இறந்தபோது சித்தப்பா போனில் கொஞ்சம் சுகமில்லை என்றார். அடுத்த நாள் ஆஸ்பத்திரி என்றார். செத்துப்போனார் என்று எனக்குச் சொன்னபோது சாம்பல் அள்ளுகிற காடாற்றும் முடிந்திருந்தது. அப்படிப்பட்ட குடும்பத்தில் கால் முறிவு என்றால் நான் எதை நினைப்பது?

"அவனோடை நான் கதைக்க வேணும்."

"அவரின்ரை போன் பனிக்குள்ளை போட்டுது, மச்சாள்," என்றாள் தம்பியின் மனைவி.

"நீர் கதைச்சனீரோ?"

"இல்லை. கூட்டாளிதான் எடுத்துச் சொன்னவர்."

கட்டின மனைவிக்கே குரலைக் காட்டவில்லை. இனி என்ன இருக்கிறது? நான் எழும்பிப் போய், சாமியறை விளக்கை அணைத்துத் திரையை இழுத்து மூடினேன். சாவு விழுந்த துடக்கு வீட்டில் செய்கிற வேலை அது. என் கை தானாகச் செய்தது.

மச்சாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குழறி அழுதாள். "ஐயோ! உங்களுக்கு என்ன தெரியும்? எனக்கு மட்டும் ஏன் ஒளிக்கிறியள்?"

அவள் என்னைச் சந்தேகித்தாள். நான் அவளைச் சந்தேகித்தேன். இருவரும் சேர்ந்து என் கணவரைப் பிடித்துக்கொண்டோம். "சத்தியமா எனக்குக் காலைத் தவிர வேறை ஒண்டும் தெரியாது!" என்று அந்த மனிதர் கத்தினார். அதையும் நாங்கள் நம்பவில்லை.

பின்னேரம் கூட்டாளியின் போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பியின் முகம். மச்சாள் போனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அதுவும் போதவில்லை. உயிர் ஊசலாடுகிறவனுக்கும் முகம் இருக்கும்தானே.

"காலைக் காட்டு."

காட்டினான். மாக்கட்டு. "மற்றக் காலை?" காட்டினான். "கையை ஆட்டு." ஆட்டினான். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"காலமை ஏறேக்கையே கால் கணுக்கால் மட்டும் புதைஞ்சுது, அக்கா. திரும்பவேணுமெண்டு மூண்டு பேருக்கும் தெரியும். உச்சி கிட்டத் தெரிஞ்சுது, அதாலை போனம். இறங்கேக்கை சரிவு முழுக்கக் கழண்டு வந்திட்டுது. ஒரு விரலைக்கூட அசைக்கேலாது. சீமெந்துக்குள்ளை வைச்ச மாதிரி. எந்தப் பக்கம் மேலை எண்டும் தெரியேல்லை. மற்ற ரெண்டு பேரும்தான் தேடி வந்து தோண்டி எடுத்தவை."

அவன் மாக்கட்டைத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"உள்ளுக்குக் கிடக்கேக்கை நான் சரியாப் பயந்திட்டன், அக்கா. அழுதனான்."

எங்கள் வீட்டு ஆண்கள் எவரும் அதுவரை என்னிடம் பயந்தேன் என்று சொன்னதில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதற்காக யாரும் இட்டுக்கட்டக்கூடிய பேச்சும் இல்லை அது. தம்பி உயிரோடுதான் இருக்கிறான் என்று அப்போதுதான் நம்பினேன். நம்பிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.