செல்லம்மாளின் மூன்றாம் பாரா

செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் மனு எழுதிப் பிழைத்த ஞானதாஸுக்கு இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு சரி. திமிர் மட்டும் பாரிஸ்டர் அளவுக்கு இருந்தது. நினைப்பதற்கும் அறிவதற்கும் வெள்ளைக்காரன் ஏழெட்டு வார்த்தை வைத்திருக்கிறான், ஒன்று மற்றொன்று ஆகாது என்று டீக்கடையில் வகுப்பெடுப்பார். கண்ணால் பார்த்தது 'நாலெட்ஜ்'. பிறர் சொல்லி நம்பியது 'பிலீஃப்'. சொந்த மண்டையில் உதித்தது 'தாட்'. குத்துமதிப்பாகச் சொன்னால் 'கெஸ்'. மற்ற எழுத்தர்கள் மனுவில் கட்சிக்காரர் சொல்வது எல்லாவற்றுக்கும் 'நாலெட்ஜ்' போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இவர் கட்சிக்காரரின் உயிரை எடுப்பார்.

1954இல் மாமல்லபுரத்துப் பக்கமிருந்து செல்லம்மா வந்தாள். அவள் குடிசை இருந்த மனையைக் காலி செய்யச் சொல்லி நிலக்காரர் தர்மராஜ் வழக்குப் போட்டிருந்தார். பண்ணையாளின் கல்யாணத்தன்று எஜமான் அவனுக்கு மனை விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பண்ணையாளாக இருந்த தன் அப்பனுக்குத் தர்மராஜின் தாத்தா அப்படித்தான் கொடுத்தார் என்றாள் செல்லம்மா.

கொடுத்ததைப் பார்த்தாயா என்றார் ஞானதாஸ். அப்பன் கல்யாணத்தை மகள் எப்படிப் பார்ப்பாள்? அப்படியானால் இது 'பிலீஃப்'தான் என்று அவளுடைய பதில் மனுவின் மூன்றாம் பாராவில் எழுதினார். அர்த்தம் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருதான் எங்கப்பன்னு கூட நான் கண்ணால பாக்கல. அதையும் நம்பிக்கைன்னே எழுதிக்கோ."

வீடு போனால் பிள்ளைகளோடு சவுக்குத் தோப்பில்தான் படுக்க வேண்டும் என்று அழுதும் பார்த்தாள். மனுஷன் வார்த்தையை மாற்றவில்லை. அப்படி ஒரு கல்நெஞ்சு.

விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் அவளைக் குடைந்தார். பார்க்கவில்லை, அப்பன் சொன்னான், பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறேன் என்று மனுவில் இருந்ததையே சொன்னாள். வக்கீலுக்குப் பிடிக்க வால் கிடைக்கவில்லை. அடுத்து தர்மராஜ் கூண்டேறினார். தாத்தா யாருக்கும் மனை விடவில்லை என்பது தனக்கு நேரடியாகத் தெரியும் என்று அவருடைய பிரமாணப் பத்திரம் முழங்கியது. முன்சீப் அவர் வயதைக் கேட்டார். முப்பத்திரண்டு. செல்லம்மாளின் அப்பனுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம். பிறப்பதற்கு முன் எங்கே நின்று பார்த்தீர் என்று முன்சீப் கேட்டதும் கோர்ட்டே சிரித்தது. வழக்கு தள்ளுபடியானது.

வாசலில் ஞானதாஸ் மீசையைத் தடவியபடி நின்றார். செல்லம்மா கும்பிடவில்லை.

"அவன் இப்படி மாட்டிக்குவான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா, அண்ணாத்த?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாதும்மா. நெனச்சேன்."

"நெனச்சியா? என் வூட்ட வச்சிகினா நீ நெனச்சிப் பாத்த?"

பஸ் வரும்வரை நின்று திட்டினாள். திட்டு நியாயமானது என்று ஞானதாஸுக்கே தெரிந்தது.