மேலே முகம், கீழே கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை, மெல்பேர்னின் புறநகரான கிளேட்டனில் எங்கள் மாணவர் வீட்டு ரெலிபோன் அடித்தது. "நடராசா அண்ணை போயிட்டார். வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடேக்கை நெஞ்சடைச்சதாம்" என்றான் அவருடைய அறைத்தோழன் குகன். பத்து நிமிடத்தில், நாங்கள் இருவரும் வேலை செய்த கடையிலிருந்து இன்னொரு அழைப்பு. அவருடைய வேலை முறைக்கு நான் வர முடியுமா என்று கேட்டார்கள். போனேன்.

உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். மெல்பேர்னில் 'ஓரின்ஸ்' என்ற அமெரிக்க ஹம்பேர்கர் கடையில் இறைச்சி பொரித்தார். ஓரின் என்ற கிழவரின் சிரித்த முகம் கடைப் பலகையிலும் கடதாசிக் கோப்பையிலும் எங்கள் தொப்பியிலும் இருந்தது.

கம்பனி அனுப்பும் சஞ்சிகைகளை அவர் ஒன்றுவிடாமல் படிப்பார்.

"உந்தக் கிழவன் றோட்டுக்கரையில தகரக் கொட்டிலில துடங்கினவன். பிறகு கடையோட பெயரையும் வித்துப்போட்டான். இப்ப தன்ர பெயரில ஒரு தேத்தண்ணிக்கடை போட்டாலும் அவனிலயே வழக்குப் போடுவாங்கள்."

"முகம் அண்ணை?"

"அதையும் சேர்த்துத்தான் வித்தவன். சிரிப்பு மட்டும் இனாம்."

அவருடைய மனைவியும் மகளும் கலவரத்தில் கொழும்பு வீட்டை விட்டு யாழ்ப்பாணம் ஓடியிருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட, அவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று குடிவரவுக் கந்தோருக்குக் கடை ஒரு கடிதம் தர வேண்டும். மாதக்கணக்காகக் கேட்டார். ஒருநாள் மனேஜர் பிரையன், தனக்கு எழுத நேரமில்லை என்று, கடையின் கடிதத்தாள் ஒன்றின் அடியில் கையெழுத்து வைத்துக் கொடுத்தான். மேலே நீயே ரைப் பண்ணிக்கொள் என்றான்.

அண்ணை ரைப் பண்ணவில்லை. அந்தக் கிழமைதான் அமெரிக்காவில் ஓரின்ஸை ஒரு பிஸ்கட் கம்பனி வாங்கியிருந்தது. இங்கேயும் பெயர் மாறப்போவதாகப் பேச்சு.

"அண்ணை, உடன அனுப்புங்கோ."

"உனக்கு விளங்காது தம்பி. இல்லாமல் போற கம்பனியின்ர தாளில போனால் திருப்பி அனுப்புவாங்கள். நானே எத்தனை பேரின்ர விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கிறன். புதுப் பெயர் வரட்டும்."

வந்தது. ஏணியில் ஏறிப் பழைய எழுத்துகளைக் கழற்றியவரும் அவர்தான். பிரையனை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். புதிய மனேஜரிடம் கடிதம் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். "இந்தக் கம்பனியில் சேர்ந்து மூன்று கிழமைதானே? நிரந்தரம் என்று எப்படி எழுதுவது?" என்றான். ஐந்து வருடம் அதே அடுப்பில் நின்ற மனிதரிடம். அடுப்பு மாறவில்லை, கொழுப்பு நாற்றம் மாறவில்லை. அண்ணை "யெஸ் சேர்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு பொரிக்கப் போனார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அவர் அமைதியடைந்துவிட்டார் என்று தகனத்தில் ஒரு அங்கிள் பேசினார். அமைதியடைய என்ன கிடைத்தது அவருக்கு? யாழ்ப்பாணத்தில் இருவர் இன்னும் காத்திருக்கிறார்கள். இனி அவர்களை யாரும் கூப்பிடப்போவதில்லை.

அவருடைய சூட்கேசில் அந்தத் தாள் கசங்காமல் இருந்தது. குகன் என்னிடம் தந்தான். மேலே கிழவர் சிரிக்கிறார், கீழே பிரையனின் கையெழுத்து. நடுவில் ஐந்து வரி ரைப் பண்ண இடம் தாராளமாக இருக்கிறது. ரைப்ரைற்றர் அந்த நாட்களிலும் எங்கள் வீட்டு மேசையில்தான் இருந்தது.