பால்கனியிலிருந்து வாசித்த பாடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலெர்மோ நகரில் நடந்தது இது. மன்னாரிலிருந்து போன நான் அங்கே ஒரு சினியோராவின், அதாவது இத்தாலிய எசமானி அம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுமுறை. என் கணவர் பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில், நாலைந்து பொடியங்களோடு ஓர் அறையில் இருந்தார். ஒரே ஊரில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்த்தான் ஒருவர் முகத்தை ஒருவர் ஆறுதலாகப் பார்ப்போம். இதுவும் ஒரு குடும்பமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

இதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி கொடுத்து ஆள் எடுத்தார்கள். பகல் வேலை, இரவு சொந்த வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பயிற்சியில் சேர அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். ஊரில் நான் படித்ததற்கான அத்தாட்சி எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது. ஆகவே கலியாணம் கட்டினவள் திரும்பவும் போய் வகுப்பு வாங்கில் மாணவியாக இருந்தேன். சீசா பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கென்று பின்னேர வகுப்பு நடந்தது. முடிவில் சோதனையில் தேறினால் சான்றிதழ்.

சினியோரா என்னை வகுப்புக்கு விட்டார். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்று வெளியில் மூச்சு விடக் கூடாது. மேல்மாடியில் வேலை செய்த பெண்ணோடு ஒருத்தி சினேகம் பிடித்து, நேரம் பார்த்து வந்து வீட்டைத் துடைத்துக்கொண்டு போன கதையை அலுக்காமல் சொல்லுவார். அந்தப் பெண்ணுக்கு வேலை போனது. வேலை போனால் பெர்மெசோவும் போகும். அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அது.

வகுப்பில் முக்கால்வாசி வாங்கு காலியாகக் கிடக்க, ஒரு பலெர்மோக்கார மனுசி வந்து என்னோடு ஒட்டிக்கொண்டு இருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் ஆரஞ்சுப் பழம் பிடுங்குகிற வேலை. முதல் நாளே ஆசிரியை என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். இத்தாலிய மொழி எழுதின மாதிரியே வாசிக்கிற மொழி. ஊரில் படித்த ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்துவிடுவேன். வீட்டு வேலைப் பேச்சைத் தவிர, புத்தகத்தில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது, அது வேறு விஷயம். நான் வாசித்து முடிக்கும்வரை அந்த மனுசி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வகுப்பிலிருந்து எனக்குப் பை நிறைய மண்டரின் வரத் தொடங்கியது.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பழத்துக்குப் பின்னாலேயே கேள்விகள் வந்தன. எந்தத் தெருவில் வேலை? வீட்டில் எத்தனை பேர்? சினியோரா பின்னேரங்களில் வெளியே போவாரா? தன் வீட்டில் பேரப்பிள்ளைகளின் சத்தம் தாங்க முடியாதாம். சினியோரா இல்லாத நேரம் பார்த்துத் தான் வந்தால் இருவரும் அமைதியாக இருந்து படிக்கலாமாம். எனக்கு அந்த மேல்மாடிக் கதைதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். புத்தகத்தைத் திறந்தால், கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டேன், நீயே வாசி என்பார். அதே ஆள் தெருமுனையில் பஸ் திரும்பும்போதே அதன் நம்பரைச் சொல்லிவிடுவார். மனுசி பொய் சொல்கிறார் என்று அங்கேயே பிடித்துவிட்டேன். எதற்காகப் பொய் என்பதுதான் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் விஷயத்தை எடுத்தேன். எங்கள் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஒருவர் பொலிசின் ஆள் என்றார். இன்னொருவர் வேறு சபைக்கு ஆள் பிடிக்கிறவர் என்றார். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகிற நேரத்தில் மெல்லச் சொன்னார்.

"இஞ்சேரும், அந்த மனுசிக்கு வாய் குடுக்காதையும். சோதினை முடியுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும்."

பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என் குணத்துக்குச் சரிவராது. நான் பொய்க்குப் பொய் சொன்னேன். சினியோராவுக்குக் காலில் வருத்தம், வாசல் தாண்டுவதில்லை என்றேன். அவருடைய தம்பி பொலிசில் பெரிய ஆள் என்றேன். அந்த வீட்டில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாயும் வளர்த்துவிட்டேன், வாயால்தான். மனுசி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பழம் வருவது மட்டும் நிற்கவில்லை.

வெயில் காலம் தொடங்கி வகுப்பும் முடிந்தது. இனிச் சோதனைதான். அதில் பாதி வாய்மூலம். நாலைந்து ஆசிரியர்களுக்கு முன்னால் இருந்து, நாமே தெரிவு செய்த பாடத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எந்தச் சோதனையும் எழுதித்தான் பழக்கம். ஆட்களுக்கு முன்னால் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் எனக்கு இராணுவச் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். இதயமும் இரத்த ஓட்டமும் என்ற பாடத்தை எடுத்திருந்தேன். புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் இடையில் ஒரு கேள்வி கேட்டால் அவ்வளவுதான், கிளிப்பிள்ளையின் சாயம் வெளுத்துவிடும்.

சோதனைக்கு முந்தின கிழமையில் ஒரு நாள் சினியோரா குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார். வீட்டில் நான் தனியே. மணி அடித்தது. பால்கனியால் எட்டிப் பார்த்தேன். கீழே அந்த மனுசி! அவருக்குப் பக்கத்தில் பழம் ஏற்றுகிற மூன்று சில்லு வண்டி ஒன்று வெறுமையாக நின்றது. அதில் ஒரு தடித்த ஆள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். சரி, சாமான் ஏற்ற வண்டியோடேயே வந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கதவை இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டுத் திரும்பவும் பால்கனிக்கு வந்தேன்.

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மேலிருந்தே அதட்டினேன். பாண் சுடுகிற பேக்கரியில் கேட்டாராம். அந்தத் தெருவுக்கே கறுத்த பெண் நான் ஒருத்திதான், யார் சொல்லமாட்டார்கள்? சினியோரா படுத்திருக்கிறார், போய்விட்டுப் பிறகு வாருங்கள் என்றேன். அவர் போகவில்லை. கதவைத் திறக்க வேண்டாம், கூடையை மட்டும் இறக்கு என்றார். அந்த ஊரில் பால்கனிக்குப் பால்கனி கயிறு கட்டிய கூடை இருக்கும். கடைக்காரன் பாணும் மரக்கறியும் வைத்தால் மேலே இழுத்துக்கொள்வார்கள். கூடைக்குள் கள்ளன் ஏறி வர முடியாதுதானே என்று இறக்கினேன்.

மேலே வந்தது எங்கள் விஞ்ஞானப் புத்தகம். இதயப் பாடம் இருந்த பக்கத்தில் மண்டரின் இலை ஒன்று வைத்திருந்தது. இதை ஏன் எனக்குத் தருகிறீர்கள், உங்களிடமே இருக்கட்டும் என்றேன். மனுசி வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். எதிர்ப் பால்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவியைப் பார்த்தார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளை. நீ அங்கை நிண்டே வாசி. நான் இஞ்சை நிண்டு கேக்கிறன்."

நடுத்தெருவில், அத்தனை பேருக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. சின்ன வயதில் அவருக்கு யாரோ இரக்கப்பட்டு ஐந்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிற அரசாங்க வேலைக்குக்கூட எட்டாம் வகுப்பு கேட்டதால் வந்து சேர்ந்திருக்கிறார். வகுப்பிலிருந்த மற்றப் பலெர்மோக்காரர் அறிந்தால் மறுநாளே ஊர் சிரிக்கும். நான் வெளிநாட்டுக்காரி, யாருக்கும் போய்ச் சொல்ல மாட்டேன் என்றுதான் என் பக்கத்தில் இருந்தாராம். யாருமில்லாத வீடு தேடியதும் அந்த வெட்கத்தால்தான். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

வாசித்தேன். வேறு என்ன செய்வது? நான் ஒரு வசனம் வாசிப்பேன். கீழே நின்று அவர் அதன் பொருளைச் சொல்லுவார். நான் விளங்காமல் முழித்தால் கையால் செய்து காட்டுவார். நெஞ்சில் குத்தி இதயம் என்றார், முழங்கையிலிருந்து விரலால் கோடு இழுத்து இரத்தம் திரும்பி வருகிற வழி என்றார். மாதக்கணக்காக நான் விழுங்கி வைத்திருந்த சொற்களுக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது. எதிர்ப் பால்கனிக் கிழவியும் சும்மா இருக்கவில்லை, தன் நெஞ்சுவலிக் கதையையும் நடுவில் புகுத்தினார். வண்டிக்காரன் மனுசியின் தெருக்காரனாம். சந்தையில் வியாபாரம் முடிந்து போகிற வழியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

தொண்டை வறண்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கினேன். அப்போதும் கதவைப் பூட்டி, திறப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டுதான் போனேன். சாவி இருக்கிறதா என்று நான் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டதை மனுசி கண்டுவிட்டார். கோபிக்கவில்லை, சிரித்தார்.

"நல்லது. நானெண்டாலும் அப்பிடித்தான் செய்வன். அந்த நாய் எங்கை?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாசல் படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சோதனைக்கு முதல் நாள் வரைக்கும் படித்தோம்.

வாய்மூலச் சோதனையில் கேள்வி கேட்டார்கள். நானும் நெஞ்சில் குத்திக் காட்டிப் பதில் சொன்னேன், தேறினேன். மனுசியும் வாயால் நன்றாகத்தான் சொன்னாராம். எழுத்தில் விழுந்துவிட்டார். பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று என்னைத்தான் பார்த்துச் சொல்லச் சொன்னார். அது அங்கே இல்லை. நான் அழ, அவர் என் முதுகைத் தட்டினார்.

பயிற்சி கிடைத்தது. நானும் கணவரும் சீசாவில் ஒரு சின்ன வீடு எடுத்தோம். அடுத்த வருடம் முழுக்க, வேலை முடிந்து நான் வந்ததும் அந்த மனுசி எங்கள் குசினி மேசையில் வந்து இருப்பார். இம்முறை நான் வாசிக்கவில்லை. எழுத்தெழுத்தாக அவரையே வாசிக்க வைத்தேன், என்னிடம் நிறைய ஏச்சும் வாங்கினார். அந்த வருடப் பட்டியலில் தன் பெயரைத் தானே கண்டுபிடித்தார்.

சந்தேகப்பட்டது பிழையென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். எங்களைப் போல வந்தவர்களைக் காப்பாற்றியதே அந்தப் புத்திதான். ஆனால் யாராவது என்னிடம் ஒரு பொய்யைச் சொன்னால், என்னிடமிருந்து எதை எடுக்கப் பார்க்கிறார் என்று யோசிக்கிற இந்த மனம், கேட்க வெட்கப்பட்டு எதை மறைக்கிறார் என்றும் இப்போது யோசிக்கிறது. அன்று நான் அதை யோசித்திருந்தால், அந்த மனுசி அதைத் தெருவில் நின்று சத்தம் போட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.