பச்சைச் சாம்பல்

பெயர் சொல்லாமல் எதையும் கேட்டால் எனக்குக் கோபம் வரும். திண்டிவனம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். டீச்சர்களே வந்து, "அந்த வெள்ளை உப்பு கொஞ்சம் குடுங்க" என்பார்கள். வெள்ளையில் பதினேழு உப்பு இருக்கிறது. எது வேண்டும் என்று பெயரைச் சொல்லுங்கள் என்று நிற்பேன். வாய்த்துடுக்கு என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்கும் தெரியும்.

நான் படித்தது பத்தாவது. வாய்பாடு எழுதப் பழகியது வேலைக்கு வந்த பிறகுதான், யாரோ ஒரு மாணவி விட்டுப்போன நோட்டைப் பார்த்து. ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைதிறன் எண் உண்டு. அலுமினியத்துக்கு மூன்று, சல்பேட்டுக்கு இரண்டு. இதன் எண்ணை அதற்கும் அதன் எண்ணை இதற்கும் அடியில் போட வேண்டும். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற மாதிரிதான். இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருந்தால் எழுதவே வேண்டாம். பெயர் வைப்பதிலும் முறை உண்டு: உலோகம் முதலில், மற்றது பின்னால். நம் ஆட்கள் அப்பன் எழுத்தை முன்னால் போடுவார்கள், உப்புகள் தம் பெயரை முன்னால் போடும். இப்படியெல்லாம் நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு இரண்டே மாதத்தில் எழுதப் பழகிவிட்டேன்.

அமிலப் புகையில் லேபிள் நிற்காது, அரித்துவிடும். அதனால் எழுதி ஒட்டியதும் அதன்மேல் மெழுகு தேய்ப்பேன். மெழுகுக்குச் செலவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எரிந்து மீந்த மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவேன். மெழுகு தேய்த்த லேபிளை ஈரத்துணியால் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது.

அந்த வருடம் புதிதாக இரண்டு உப்பு வந்தது. ஒன்று மெக்னீசியம் சல்பேட், இன்னொன்று துத்தநாக சல்பேட். பெரிய டப்பாக்களில் வந்ததைக் கண்ணாடி பாட்டில்களுக்கு மாற்றி, அழகாக லேபிள் எழுதி ஒட்டினேன். MgSO₄·7H₂O. ZnSO₄·7H₂O. இரண்டுக்கும் ஏழு தண்ணீர், இரண்டும் நிறமில்லாத கல். எங்கள் ஊர் கெடாரில் வயலுக்குத் துத்தநாக சல்பேட்டைக் கையால் வாரிப் போட்டவள்தான் நான். அப்படியும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. மெழுகுத் துண்டு தீர்ந்துபோயிருந்தது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் பாட்டில் ஒவ்வொன்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் பொட்டு வைப்பது என் வேலைதான், குறை சொல்ல முடியாத அளவுக்கு வைப்பேன். காலி டப்பாக்களைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டுவிட்டுப் பாட்டில்களை ஈரத்துணியால் வேகவேகமாகத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அந்த இரண்டு லேபிளும் உரிந்து மேசையில் கிடக்கின்றன.

எது எதனுடையது? வேதியியல் டீச்சர் அடுத்த அறையில்தான் சாமி படத்துக்குப் பூ போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் ஐந்து நிமிடத்தில் சோதித்துச் சொல்லியிருப்பார். ஆனால் பெயர் சொல்லிக் கேளுங்கள் என்று ஊரையே விரட்டியவள், இது என்ன உப்பு என்று போய்க் கேட்பதா? மானம் போகும். இடது பக்கம் இருந்தது மெக்னீசியம்தான் என்று முடிவுகட்டி ஒட்டி, பொட்டும் வைத்துவிட்டேன். இரண்டு பாட்டிலும் செய்முறைத் தேர்வுக்கென்று அலமாரியில் பூட்டுக்குள் போயின.

செய்முறைத் தேர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பொட்டலம் உப்பு கொடுப்போம். அது என்ன உப்பு என்று பிள்ளைகள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியூரிலிருந்து தேர்வாளராக வரும் எக்ஸ்டர்னல் சார், எந்தப் பொட்டலத்தில் என்ன உப்பு என்று நாங்கள் கொடுக்கும் பட்டியலை வைத்துத் திருத்துவார். ஆனால் நான் குடிதண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய் உப்பின் பெயரைக் காதில் சொல்லிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் செய்தார். பெயர் தெரிந்தால் போதும், மனப்பாடம் செய்த பக்கத்தைப் பிள்ளைகள் அப்படியே எழுதிவிடுவார்கள். என்ன நிறம் வந்தது, என்ன வீழ்படிவு வந்தது, எல்லாம் அதில் இருக்கும்.

அந்த முறை நான்கு பேருக்கு மெக்னீசியம் என்று நான் ஒட்டிய பாட்டிலின் உப்பு போனது. மூன்று பேர் நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். நான்காமவள் கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும், ஒரு மார்க் குறைந்தாலும் கட் ஆஃப் போய்விடும் என்று வருடம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தவள். அவள் சாம்பல் சோதனை செய்துகொண்டிருந்தாள். உப்புக் கரைசலிலும் கோபால்ட் நைட்ரேட்டிலும் தாளை நனைத்து எரித்தால், மெக்னீசியத்துக்கு இளஞ்சிவப்புச் சாம்பல் வரும், துத்தநாகத்துக்குப் பச்சை. நான் குனிந்து மெக்னீசியம் சல்பேட் என்றேன். அவள் சாம்பலைக் காட்டினாள்.

"பச்சையாத்தான் கீதுக்கா."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்லி இவள் சரிபார்ப்பதா?

"சொன்னத எழுதிக்கினு போடி. தாளு சரியா எரியல" என்று அதட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வராந்தாவில் நின்றார்கள். சார் திருத்த, நான் தாள்களை எண் வரிசைப்படி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று தாளில் மெக்னீசியம் சல்பேட், சாம்பல் இளஞ்சிவப்பு. நான்காவதில் துத்தநாக சல்பேட், பச்சை. சார் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். ஆயுத பூஜையன்று மேசையில் கிடந்த இரண்டு ஈர லேபிளும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. வாயைத் திறந்தால் வேலைக்கு ஆபத்து, அந்த மூன்று பிள்ளைகளும் மாட்டுவார்கள். திறக்காவிட்டால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவள் ஒருத்திக்குத்தான் நஷ்டம். அடுத்த தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். என்னம்மா என்றார் சார்.

லேபிள் மாறியிருக்கலாம் சார் என்றேன். அவர் பாட்டிலை வாங்கி, தானே கரைத்து, தாளை எரித்தார். பச்சை. அந்த மூன்று தாளையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார்.

"அப்ப இவங்க மூணு பேருக்கும் மட்டும் எப்படிம்மா பிங்க் வந்துச்சு?"

பக்கத்தில் நின்ற எங்கள் வேதியியல் டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"வரல சார். நான்தான் பேரச் சொன்னேன்."

மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டு மறுபடி செய்யச் சொன்னார். மூன்றும் பச்சைதான். ஒருத்தி அழுதாள். அவர்களுக்கு எத்தனை மார்க் குறைத்தார் என்று நான் கேட்கவில்லை, கேட்கிற இடத்தில் நான் இல்லை. தலைமையாசிரியை விளக்கம் எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு உப்பின் வாய்பாட்டையும் ஒரு எண் பிசகாமல் அதில் எழுதியிருந்தேன். அந்த லேபிள்களிலும் ஒரு எண்கூடப் பிசகில்லை.

சாயங்காலம் கூட்டேரிப்பட்டுப் பிள்ளை பையை எடுக்க வந்தாள். உள்ளே நடந்தது அவளுக்கு முழுதாகத் தெரியாது. அவள் தாள் மேசையில் மேலாக இருந்தது. சிவப்பு வட்டத்தை அடித்துவிட்டுச் சார் சரி போட்டிருந்தார். அதற்கு மேல் வரியில் அவள் கையெழுத்தில், 'மெக்னீசியம், இளஞ்சிவப்பு' என்று எழுதி, ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தது. நான் அதட்டியபோது எழுதியது. அதை இப்போதுதான் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"அக்கா, மொதல்ல தப்பா எழுதி அடிச்சிட்டேன். அதுக்கு மார்க் கொறைப்பாங்களா?"

குறைக்க மாட்டார்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "சாரத்தான் கேக்கணும்."

அந்த ஆய்வகத்தில் ஒரு பிள்ளையிடம் தெரியாது என்று நான் சொன்னது அன்றைக்குத்தான்.