எழுபத்தொன்றாவது முத்திரை

எங்கள் அத்தானை, அதாவது என் அக்கா வீட்டுக்காரரை, தராசுக்காரர் என்று சொன்னால்தான் நாலு பேருக்குத் தெரியும். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க வேலை. மாவட்டத்தின் சிற்றூர்களையெல்லாம் முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டரிலும் அளந்தவர். ஒவ்வொரு ஊரிலும் கடைகளை முடித்துவிட்டுக் கடைசியாகத் தபாலாபீசுக்குப் போவார். கடிதம் நிறுக்கிற சின்னத் தராசைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். இவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். போஸ்ட்மாஸ்டரின் குப்பைக்கூடை காலியான பிறகுதான் எழுந்திருப்பார்.

அவர் சேர்த்தது தபால்தலை அல்ல. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று நூறு பழைய உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, தபால்தலைகளைப் பதமாக உரித்து, காயவைத்து, அழகாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அவருக்கு வேண்டியது தபால்தலை மேல் பாதியும் உறை மேல் பாதியுமாக விழுகிற கறுப்பு வட்டம். எந்தத் தபாலாபீஸ், எந்தத் தேதி என்று அதில்தான் இருக்கும். நான் நூறு வட்டங்களையும் பாதியாக்கியிருந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் அன்று முதல் இன்று வரை திறந்தவை, மூடியவை எல்லாம் சேர்த்து எழுபத்தொரு கிராமத் தபாலாபீசுகள். எழுபதின் முத்திரை அவரிடம் இருந்தது. எழுபத்தொன்றாவது, மலையடிவாரத்தில் அணை கட்டியபோது தொழிலாளர் முகாமுக்காகத் திறந்தது. ஒரு மார்ச் மாதம் திறந்து, அடுத்த ஜனவரிக் கடைசியில் மூடிவிட்டார்கள். அந்த முத்திரைக்காக அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முப்பத்தாறு வருஷம் தேடினார். வேடிக்கை என்னவென்றால், அந்த முகாமின் மருந்தகத்தில் என் அக்கா நர்ஸாக எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறாள். அங்கிருந்து ஒரு கடிதமாவது போட்டிருப்பாயே என்று அவர் கேட்கும்போதெல்லாம், வாராவாரம் சனிக்கிழமை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தவள் கடிதம் ஏன் போடப்போகிறேன் என்று மடக்கிவிடுவாள்.

போன வருஷம் எங்கள் அப்பாவின் வீட்டை ஒழித்தோம். பரணில் ஒரு தகர டப்பா நிறையப் பழைய கடிதங்கள். நான் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் அத்தானிடம் கொடுத்தேன். மறுநாள் காலை என் கண்ணாடிக்கடைக்கு வந்து நின்றார். படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில். அவருடைய எழுபது உறைகளுக்கும் சட்டம் போட்டவன் நான்தான். மேஜைமேல் ஒரு பழுப்பு உறையை வைத்தார். அப்பாவின் விலாசம். முத்திரையில் அணைக்கட்டு முகாம் என்று பளிச்சென்று இருந்தது. நான் கைதட்டினேன். அவருக்கு மட்டும் சந்தோஷம் முகத்துக்கு வந்து சேரவில்லை. உறைக்குள் இருந்த கடிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ன கடிதம் என்று கேட்டதற்குச் சும்மா என்றார். சட்டம் போட்டதும் வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே மாவட்டத் தபால் கண்காட்சி நடக்கிற மண்டபத்துக்கு எடுத்துவரச் சொன்னார். அக்கா அப்பாவுக்கு நலம் கேட்டு எழுதியதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கண்காட்சிதான் அவருக்கு எல்லாம். நடுவர்கள் சரி என்று சொல்லிவிட்டால், எழுபத்தொன்றையும் தலைமைத் தபாலாபீஸ் கூடத்தில் நிரந்தரமாக மாட்டிவைப்பதாக ஏற்பாடு. ஒன்று போலியென்று ஆனாலும் மொத்தத்தையும் இறக்கிவிடுவார்கள்.

நடுவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுபது உறைகளுக்கும் தலையாட்டினார். எழுபத்தொன்றாவதில் தலை நின்றுவிட்டது. தேதியைப் படித்துக் காட்டினார். ஜனவரி நான்கு, வருஷமோ, ஆபீஸ் திறந்த அதே வருஷம். மார்ச் மாதம் திறந்த ஆபீஸ் அதற்கு இரண்டு மாதம் முன்னால் எப்படி முத்திரை குத்தும் என்று கேட்டார். யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

அத்தான் நிதானமாகத்தான் பதில் சொன்னார். இது அடுத்த வருஷத்து ஜனவரி. முத்திரைக்கட்டையில் நாளை மாற்றினார்கள், மாதத்தை மாற்றினார்கள், வருஷத்து எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். புது வருஷம் பிறந்த முதல் வாரத்தில் சின்ன ஆபீசுகளில் நடக்கிற கூத்துதான். நடுவரும் அதை மறுக்கவில்லை. அப்படியானால் உள்ளே இருந்த கடிதத்தைக் காட்டுங்கள், எப்போது எழுதியது என்று தெரிந்துவிடும் என்றார்.

"கடிதம் இல்லை சார். உறை மட்டும்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரை கிராம் குறைந்தாலும் கடைக்காரரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற மனுஷன், கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பச்சைப் பொய் சொல்கிறார். நான் வாயைத் திறக்கப்போனேன். என் கையைப் பிடித்து அழுத்தினார். நடுவர் வருத்தத்தோடுதான் பேனாவை எடுத்தார். அத்தான் தானே போய் முதல் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா டீ ஃபிளாஸ்கோடு வந்து சேர்ந்தாள். தேதித் தகராற்றை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே அந்தப் பழுப்பு உறையைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஃபிளாஸ்கை என் கையில் திணித்துவிட்டு நேராக நடுவர் முன்னால் போனாள்.

"சார், அது போலி இல்ல. நான் என் கையால பெட்டியில போட்டது. நான் அந்த முகாமுக்கு நர்ஸா போனதே ஜூன் மாசம்தான். அதுக்கு முந்தின ஜனவரியில எப்படிப் போட்டிருக்க முடியும்?"

யாருக்கு எழுதியது என்று நடுவர் கேட்டார். எங்கப்பாவுக்கு என்றாள். பேர் போடாமல், இடது கையால் எழுதியது என்றும் சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மொட்டைக் கடிதாசி! அக்காவுக்கு இந்த இடத்தைப் பேசி முடிக்கிற சமயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை; கெடுக்க நினைக்கிறவன் சல்லடை போட்டுத் தேடியும் காகிதம் பொறுக்குகிறான் என்பதைத் தவிர ஒரு குறையும் அகப்படவில்லை, இதைவிட நற்சான்றிதழ் என்ன வேண்டும் என்று சொல்லி, அந்த வாரமே பேச்சை முடித்தார். எழுதியது அடுத்த வீட்டு ஓவர்சியர்தான் என்று நாங்களாகவே தீர்மானித்தோம். அவரோடு இன்று வரை பேச்சுவார்த்தை கிடையாது. அவருடைய சைக்கிள் டயரில் நான் இரண்டு தடவை ஆணி அடித்திருக்கிறேன். உறையிலேயே ஊர்ப்பெயர் குண்டு குண்டாக இருந்திருக்கிறது; ஒருத்தராவது பார்த்தோமா? முத்திரையை யார் படிக்கிறார்கள், அத்தானைத் தவிர.

அத்தான் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை மெதுவாக எடுத்து நடுவரிடம் நீட்டினார். நடுவர் படித்தார், தொண்டையைச் செருமினார், மறுபடி படித்தார். முதல் தடவை பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை ஒரு தடவையும் அவர்கள் வீட்டுக் குப்பைக்கூடையை நான்கு தடவையும் பார்த்தார், இப்படிப்பட்டவருக்குப் பெண்ணைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. இந்த மாதக் கடைசியில் முகாம் காலியாவதால் பதில் போட வேண்டாம் என்று அடியில் வேறு ஒரு குறிப்பு. இந்த லட்சணத்தில்தான் அக்கா மொட்டைக் கடிதாசி எழுதியிருக்கிறாள்.

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். அக்கா இடது கையால் ஒரு வரி எழுதிக் காட்டினாள். அதே கோணல், அதே சாய்வு. முகாம் காலியாகிற ஜனவரி எது என்பதில் இனிமேல் சந்தேகமில்லை என்று சொல்லி, நடுவர் கையெழுத்துப் போட்டார். மண்டபத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். நான் போய் முதல் சட்டத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அத்தான் பக்கம் திரும்பி, எப்போது தெரியும் என்று கேட்டாள். டப்பா வந்த அன்றைக்கே என்றார்.

"அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"கேட்டா, இப்பவும் அதே அபிப்பிராயமான்னும் கேக்கணும். அதுக்குப் பயமா இருந்துச்சு."

அக்கா நடுவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, நான்காக மடித்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"உறை உங்களுக்கு. லெட்டரை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

நடுவர் பதறினார். உறையும் கடிதமும் ஒன்றாக இருந்தால்தான் மதிப்பு, பிரிக்காதீர்கள் என்று அத்தானிடம் கெஞ்சாத குறை. முப்பத்தாறு வருஷமாக ஒரு காகித மூலையைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன் அவர். உரித்த தபால்தலைக்கு என்னோடு மூன்று மாதம் பேசாதவர்.

"அனுப்பினவங்களே திரும்பக் கேட்டா குடுத்துடணும் சார். அதுதான் முறை" என்று சொல்லிவிட்டு, அத்தான் என் கையிலிருந்த ஃபிளாஸ்கை வாங்கி முதல் டீயை அக்காவுக்கு ஊற்றினார்.