அடையாறு ஆஸ்பத்திரி போர்டில் உங்கள் அம்மா

கண்ணுங்களா, சித்த மருத்துவம் படித்தால் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்குமா என்று பெரியவள் என்னைக் கேட்டாள். சின்னவன் உடனே, "அம்மாவுக்குக் கிடைச்சுதே" என்றான். கிடைத்தது, வாஸ்தவம்தான். எப்படிக் கிடைத்தது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால், "அப்பாவைக் கேளு" என்பாள். அதனால் எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பிருந்தால் அவள் திருத்துவாள்.

அவள் என் மாமன் மகள். அவள் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து, எங்கள் கல்யாணமும் முடிந்து, ஆதம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியேறினோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்தப் படிப்பு படித்தவர்கள் ஒன்று அரசாங்க வேலைக்குக் காத்திருப்பார்கள், இல்லையென்றால் தெருவில் ஒரு கடையை எடுத்துச் சொந்தமாக வைத்தியம் பார்ப்பார்கள். இவளுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. வார்டில் படுத்திருக்கிற நோயாளிகளைப் பார்க்க வேண்டும், அதுவும் தான் படித்த வைத்தியத்தைச் சொல்லியே பார்க்க வேண்டும். அதுதான் அவள் ஆசை. தொக்கணம் என்று ஒரு முறை உண்டு. எண்ணெய் போட்டு, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, நீவி விடுவது. கை கால் விழுந்தவர்களுக்கும் முதுகு பிடித்தவர்களுக்கும் அதைச் செய்வதில் அவள் கெட்டிக்காரி.

முதலில் தி.நகரில் ஒரு நர்சிங் ஹோமுக்கு மொபெட்டில் கூட்டிப்போனேன். அதை நடத்திய டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"ராத்திரி டியூட்டிக்கு ஆள் வேணும்மா. கோட்டு போட்டுக்கோ. சித்தான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. மத்ததெல்லாம் நர்ஸ் சொல்லிக்குடுப்பாங்க."

"நெஞ்சு வலின்னு யாராச்சும் வந்தா சார்?"

"நீதான் பாத்துக்கணும்."

"எனக்கு அது படிப்பு இல்ல சார். உங்கள எழுப்புவேன்."

அவர் சிரித்துவிட்டார். "நான் எழுந்து வர்றதுக்கு நீ எதுக்கும்மா?"

திரும்பி வரும்போது சைதாப்பேட்டை பாலத்தின் மேல் நான் சும்மா இருக்காமல், "சரின்னு தலையாட்டியிருக்கலாம்ல? வேலையாச்சும் கெடச்சிருக்கும்" என்றேன்.

பின்னாலிருந்து பதில் வந்தது: "நீ லேத்து ஓட்டுறவன். வெல்டிங்கும் தெரியும்னு பொய் சொல்லி பாய்லர்ல கை வெப்பியா மாமா?"

கிண்டியில் அவளே நிறுத்தச் சொல்லி எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். கோபம் அவளுக்கு, சாறு எனக்கு. இன்றைக்கும் நம் வீட்டில் அப்படித்தானே.

மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கேன்டீனை ஒட்டி ஓர் அறை தருகிறோம் என்றார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளலாம், வார்டுப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டாள். இப்படியே ஒவ்வொரு இடமாகப் போய், அடையாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். அதை நடத்தியவர் எலும்பு ஆபரேஷன் செய்கிற ஒரு அம்மா. கண்டிப்பானவர். ராத்திரி நெஞ்சு வலி என்று யாராவது வந்தால் என்ன செய்வாய் என்று இந்தத் தடவை அவரே கேட்டார்.

"உங்கள எழுப்புவேன் மேடம்."

"நான் எழுந்திருக்கலன்னா?"

"கதவ ஒடைப்பேன்."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஆறு மாதம் பார்ப்போம் என்றார். ஆபரேஷன் வேண்டாதவர்களை, தான் பார்த்துச் சொன்ன பிறகு, அவள் பார்க்கலாம். ஆனால் போர்டில் பேர் கிடையாது. மற்ற டாக்டர்கள் ஒத்துக்கொண்டால்தான் அது.

அந்த போர்டைச் சொல்ல வேண்டும். ரிசப்ஷன் சுவரில் நீளமான மரப் பலகை. டாக்டர்களின் பேர், பேருக்குப் பின்னால் படிப்பு, எதிரே ஒரு சின்னத் தகடு. ஒரு பக்கம் தள்ளினால் 'இன்', மறுபக்கம் தள்ளினால் 'அவுட்'. டாக்டர்கள் வரும்போதும் போகும்போதும் தங்கள் தகட்டைத் தள்ளிவிட்டுப் போவார்கள். பலகையில் பேர் இருந்தால் அந்த ஆஸ்பத்திரி டாக்டர், இல்லையென்றால் வந்துபோகிற ஆள். உங்கள் அம்மா தினமும் அதைப் பார்க்காத மாதிரி கடந்து போவாள். அவள் பார்ப்பது எனக்குத் தெரியும். 'மசாஜ் டாக்டர்' என்று ஒரு டாக்டர் அவள் காதுபடவே சொன்னாராம். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தேன்.

ஆறு மாதமும் முடிந்தது. யாரும் பலகையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஒரு நாள் அவளைக் கூட்டிப்போக வந்து ரிசப்ஷனில் காத்திருந்தேன். இடது கை விழுந்து, அங்கே தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டு, பிறகு தினமும் வந்துபோன ஒரு பாய் வந்தார். தையல்கடைக்காரர்.

"டாக்டரம்மா கீறாங்களா?" என்று ரிசப்ஷன் பெண்ணிடம் கேட்டார்.

"எந்த டாக்டர் பாய்?"

"எண்ண வெச்சி கைய நீவுவாங்களே, அவுங்கதான்."

"போர்டுல அவங்க பேர் இல்ல பாய். மேல போய்ப் பாத்துட்டு வரணும்."

"தெனம் இதே ரோதனையா கீதும்மா! நான் இன்னா, போர்டுகிட்டயா கைய காட்ட வந்தேன்?" என்று அந்த இடது கையையே தூக்கி ஆட்டினார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர், தாங்களும் அந்த டாக்டரம்மாவுக்குத்தான் காத்திருக்கிறோம் என்றார்கள்.

ரிசப்ஷன் பெண் நேராக ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டரிடம் போய்விட்டாள். "மாடியேறி எறங்கி என் காலே போச்சு மேடம். அவங்க பேரையும் எழுதிடுங்க. இல்லன்னா எனக்கும் அந்த எண்ணையத் தடவச் சொல்லுங்க."

அவர் மற்ற டாக்டர்களிடம் பேசினார். பேர் மட்டும் போதும், படிப்பு எதற்கு என்று ஒருவர் சொன்னாராம். "அவ படிச்சது அதுதானே? அதையே எழுதுங்க" என்று பெரிய டாக்டர் முடித்துவிட்டார்.

ஆகவே பெரியவளே, வேலை கிடைக்குமா என்றால், பல இடத்தில் கிடைக்காது. கிடைக்கிற இடத்திலும் சீக்கிரம் கிடைக்காது. படிப்பை மறைத்துக்கொண்டு வா என்றால் மட்டும் போகாதே. மீதியை அம்மாவிடம் கேள்.

பேர் எழுதிய மறுநாள் காலையில் நானும் அவளோடு உள்ளே போனேன். கடைசி வரியில் அவள் பேர், பின்னால் அவள் படிப்பு. "கடைசில எழுதியிருக்காங்க மாமா" என்று குறை சொல்கிற மாதிரி சொன்னாள். முகம் பூராவும் சிரிப்பு. அதற்குள் மேலேயிருந்து நர்ஸ் கூப்பிட, படியேறி ஓடிவிட்டாள். தகட்டைத் தள்ள மறந்துபோனாள்.

ரிசப்ஷனில் யாரும் இல்லை. பெயின்ட் இன்னும் சரியாகக் காயாததால் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் மெதுவாக அசைத்து அசைத்து, அதை 'இன்' பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினேன்.